மேடையில் காலம் எப்படி நகர்கிறது? ஜோ மெல்சீனரும் அரங்க வடிவமைப்பும்

1948ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ஜோ மெல்சீனர் என்ற அரங்க வடிவமைப்பாளரின் கைக்கு ஒரு நாடகப் பிரதி வந்து சேர்ந்தது. எழுதியவர் ஆர்தர் மில்லர். நாடகத்தின் பெயர் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’. அறுபது வயதைத் தாண்டிய வில்லி லோமன் என்ற விற்பனைப் பிரதிநிதி, இரவு நேரத்தில் சமையலறையில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறார். சில வரிகள் கழித்து அதே வில்லி பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பகல்பொழுதில் நிற்கிறார். மாடியில் படுத்துவிட்ட வளர்ந்த மகன்கள் இருவரும் பள்ளிக்கூடப் பையன்களாகி, காரைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். இன்னும் கொஞ்சம் போனால் பாஸ்டன் நகரத்து ஹோட்டல் அறை. அங்கிருந்து மறுபடியும் வீடு. நடுவில் திரை விழுவதில்லை. சினிமாவாக இருந்தால் படத்தொகுப்பாளர் பார்த்துக்கொள்வார். மேடையில் யார் பார்த்துக்கொள்வது?

அரங்க வடிவமைப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பின்னால் தொங்கும் ஓவியத் திரையும், முன்னால் போட்ட நாற்காலி மேசைகளும்தான். அவை அந்த வேலையின் கடைசிப் பகுதி. வடிவமைப்பாளர் முதலில் யோசிப்பது வேறு விஷயங்களை. நடிகர் எந்தப் பக்கத்திலிருந்து வருவார், எத்தனை அடி வைத்தால் அடுத்த இடத்தை அடைவார், ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்க எத்தனை நொடி ஆகும், அந்த நொடிகளில் பார்வையாளரின் கண் எங்கே இருக்கும், நாடகம் முழுவதும் மேடையில் நிலைத்திருப்பது எது, வந்து போவது எது. இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகே சுவருக்கு என்ன நிறம் என்ற பேச்சு வரும். மெல்சீனர் செய்த சில நாடகங்களை அருகில் சென்று பார்த்தால் இது தெளிவாகப் புரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை. இந்தக் கலையைப் புதிதாக அறிந்துகொள்கிறவர்களுக்கு அவரைவிட நல்ல நுழைவாயில் கிடையாது.

நடித்துப் பழகிய ஓவியர்

ஜோசப் மெல்சீனர் 1901 மார்ச் 19 அன்று பாரிஸில் பிறந்தவர். தந்தை லியோ மெல்சீனர் உருவப்பட ஓவியர். தாய் பத்திரிகைகளுக்கு எழுதியவர். 1909இல் குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. தந்தையைப் போல ஓவியராவதுதான் மகனின் எண்ணம். பிலடெல்பியாவில் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் படித்தார். உதவித்தொகை பெற்று ஐரோப்பா போய் வந்தார். நாடகத்தின் பக்கம் அவரைத் திருப்பியவர் அண்ணன். கென்னத் மெக்கென்னா என்ற மேடைப் பெயரில் நடித்துக்கொண்டிருந்த அந்த அண்ணனின் பரிந்துரையால், டெட்ராய்ட் நகரில் ஜெஸ்ஸி பான்ஸ்டெல் என்ற பெண்மணி நடத்திவந்த நாடகக் குழுவில் தம்பிக்கு இடம் கிடைத்தது.

அன்றைய அமெரிக்காவில் ‘ஸ்டாக் கம்பெனி’ என்று அழைக்கப்பட்ட குழுக்களில் அதுவும் ஒன்று. ஒரே நடிகர் கூட்டம், ஒரே அரங்கம், பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு புது நாடகம். இரவில் இந்த வார நாடகத்தை நடிப்பார்கள். பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பார்கள். ஆள் குறைவு என்பதால் ஒருவரே பல வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்ய வேண்டும். மெல்சீனர் திரை வரைந்தார், மேடை நிர்வாகத்தைக் கவனித்தார், சின்னச் சின்ன வேடங்களிலும் நடித்தார். பிறகு நியூயார்க்கில் ‘தியேட்டர் கில்டு’ என்ற நாடக அமைப்பில் சேர்ந்தபோதும் நடிப்பும் மேடை நிர்வாகமும் தொடர்ந்தன. ராபர்ட் எட்மண்ட் ஜோன்ஸ், ஜோசப் அர்பன், லீ சைமன்சன் ஆகிய மூத்த வடிவமைப்பாளர்களின் அருகில் இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான்.

அவருடைய நடிப்பு வாழ்க்கை குறுகியது. ஆனால் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன். காகிதத்தில் அழகாகத் தெரியும் படிக்கட்டு, நீண்ட பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வசனம் பேசியபடி இறங்கும் நடிகைக்கு எவ்வளவு தொல்லை என்பது மேடையில் நின்றவருக்குத் தெரியும். விளக்கு அணைந்த பிறகு கண் பழகுவதற்குள் பக்கவாட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய அவசரமும் தெரியும். மேடை நிர்வாகி ஓரத்தில் நின்றுகொண்டு, பிரதியில் குறித்துவைத்த இடம் வந்ததும் விளக்குக்கும் திரைக்கும் சைகை கொடுப்பவர். நாடகத்தை நொடிக்கணக்கில் பார்க்கும் பழக்கம் அந்த வேலையில் வரும். பிற்காலத்தில் மெல்சீனரின் மேடைகளில் நடிகர்கள் எளிதாகப் புழங்கியதற்கும், காட்சிகள் தடங்கலின்றி ஓடியதற்கும் இந்தப் பயிற்சிக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

1924இல் தியேட்டர் கில்டு மேடையேற்றிய ‘தி கார்ட்ஸ்மேன்’, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் கூடியிருக்கும் பிராட்வேயில் அவர் வடிவமைத்த முதல் நாடகம். ஹங்கேரிய எழுத்தாளர் ஃபெரென்ஸ் மோல்நார் எழுதியது. அப்போது மெல்சீனருக்கு வயது 23. அதன்பின் ஐம்பது ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்ட நாடகங்கள்.

அப்படியே காட்டுவதும் கொஞ்சமாகக் காட்டுவதும்

அவர் வளர்ந்த காலத்தில் அமெரிக்க மேடையில் இரண்டு போக்குகள் மோதிக்கொண்டிருந்தன. ஒன்று, உண்மையை உள்ளது உள்ளபடி மேடைக்குக் கொண்டுவருவது. இதில் பெரிய கை டேவிட் பெலாஸ்கோ என்ற தயாரிப்பாளர். 1909இல் ஒரு நாடகத்துக்காக, மலிவான விடுதி ஒன்றின் அறையை விலைக்கு வாங்கிப் பெயர்த்தெடுத்து வந்து மேடையில் பொருத்தினார். 1912இல் ‘தி கவர்னர்ஸ் லேடி’ நாடகத்துக்காக, அன்று நியூயார்க்கில் எல்லோருக்கும் தெரிந்த ‘சைல்ட்ஸ்’ உணவகத்தை அச்சு அசலாக மேடையில் எழுப்பினார். மக்கள் வாய்பிளந்து பார்த்தார்கள்.

இன்னொரு போக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் அடோல்ஃப் அப்பியாவும் இங்கிலாந்தின் கார்டன் கிரெய்க்கும் அதன் முன்னோடிகள். வரைந்த மரங்களையும் ஒட்டிய சன்னல்களையும் எடுத்துவிட்டு, படிகள், மேடைத் தளங்கள், ஒளி, நிழல் ஆகியவற்றைக் கொண்டே நாடகத்தின் மனநிலையை உருவாக்கலாம் என்றார்கள் அவர்கள். அமெரிக்காவில் அதைப் பரவச் செய்தவர்களில் முதன்மையானவர் மெல்சீனரின் குருக்களில் ஒருவரான ராபர்ட் எட்மண்ட் ஜோன்ஸ்.

மெல்சீனருக்கு இரண்டுமே கைவந்தன. 1929இல் எல்மர் ரைஸ் எழுதி நெறியாள்கை செய்த ‘ஸ்ட்ரீட் சீன்’ நாடகத்துக்கு, நியூயார்க்கின் பழைய வாடகைக் குடியிருப்பு ஒன்றின் முகப்பை அவர் அமைத்தார். வாசற்படிகள், படிக்கட்டுக் கைப்பிடி, மேல்தள சன்னல்கள், சன்னலில் சாய்ந்து தெருவைப் பார்க்கும் மனிதர்கள். நாடகம் முழுவதும் அந்த ஒரே வீட்டு வாசலில்தான் நடக்கிறது. 601 முறை நிகழ்ந்த அந்த நாடகத்துக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. பெலாஸ்கோ பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார். 1935இல் மேக்ஸ்வெல் ஆண்டர்சனின் கவிதை நாடகமான ‘வின்டர்செட்’ வந்தபோது நிலைமை மாறியது. புரூக்ளின் பாலத்தின் அடியில் நடக்கும் கதை அது. பாலத்தை முழுதாகக் கட்டிக் காட்டாமல், இருளுக்குள் மேலேறிப் போகும் ஒரு பிரம்மாண்டமான வடிவமாக அதை நிறுத்தினார். மிச்சத்தைப் பார்வையாளரின் மனமே கட்டிக்கொள்ளும் என்ற துணிவு அங்கே தெரிகிறது.

அவருடைய முதிர்ந்த பாணியை ‘தேர்ந்தெடுத்த யதார்த்தம்’ என்று சொல்லலாம். ஒரு வீட்டிலிருந்து எந்த நான்கு பொருட்களை எடுத்து வைத்தால் அந்த வீட்டுக்காரர்களின் வாழ்க்கை தெரியுமோ அந்த நான்கை மட்டும் வைப்பது. வைத்தவை உண்மையாக இருக்க வேண்டும். வைக்காதவை கனவாக இருக்கலாம்.

ஒரு துணியின் வேலை

இந்தப் பாணிக்கு அவர் நம்பிய கருவி ‘ஸ்க்ரிம்’ என்னும் மெல்லிய வலைத்துணி. அரங்க வடிவமைப்பைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் இந்தத் துணியைப் புரிந்துகொள்ள வேண்டும். கொசுவலை அடித்த சன்னலைப் பகலில் தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் அறை முழுவதும் தெரியும். ஸ்க்ரிம் செய்வது அதே வேலைதான். முன்புறத்திலிருந்து ஒளி பட்டால் இழைகள் அந்த ஒளியை வாங்கித் துணி ஒரு சுவரைப் போல நிற்கும். அந்த ஒளியைக் குறைத்து, பின்னால் இருக்கும் இடத்துக்கு ஒளி கொடுத்தால் துணி இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு நுணுக்கம் வேண்டும். முன்விளக்கை நேராக அடித்தால் ஒளி துணியின் துளைகள் வழியே புகுந்து பின்னால் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் சரிவாகத்தான் அடிக்க வேண்டும். பின்னால் துளி வெளிச்சம் கசிந்தாலும் ரகசியம் போச்சு. சுவராகத் தோன்ற அந்தத் துணிமீது செங்கல்லும் உதிர்ந்த காரையும் வரைய வேண்டும். ஆனால் கெட்டியான வண்ணம் பூசினால் துளைகள் அடைத்துக்கொள்ளும். நீர்த்த சாயத்தால் வரைந்தால்தான் துணி சுவராகவும் இருக்கும், கண்ணாடியாகவும் இருக்கும். ஓவியராகப் பயிற்சி பெற்ற ஒருவர் இந்தத் துணியிடம் மனதைப் பறிகொடுத்ததில் வியப்பில்லை.

1945 மார்ச் 31 அன்று பிராட்வேயில் தொடங்கிய டென்னசி வில்லியம்ஸின் ‘தி கிளாஸ் மெனாஜெரி’ ஒரு நினைவு நாடகம். டாம் என்ற இளைஞன் தான் விட்டுவிட்டு வந்த தாயையும் அக்காவையும் நினைத்துப் பார்க்கிறான். பார்வையாளர் முதலில் காண்பது ஒரு குடியிருப்பின் இருண்ட பின்சுவரை. டாம் பேசத் தொடங்க, சுவருக்குப் பின்னால் ஒளி கூடுகிறது. உள்ளே சாப்பாட்டு மேசையில் குடும்பம் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அந்த ஒளி ஊடுருவும் சுவர் மெல்ல மேலேறி மறைந்துவிடுகிறது. நாடகத்தின் இறுதியில், டாமின் கடைசிப் பேச்சின்போதுதான் அது திரும்ப இறங்குகிறது. உள்ளே தாய் மகளைத் தேற்றுகிறாள். அவள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை, அசைவுகள் மட்டும் தெரிகின்றன. நினைவு என்பதை வசனமாகச் சொல்லாமல், ஒரு துணி ஏறுவதிலும் இறங்குவதிலும் சொல்லிவிட முடிகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1947 டிசம்பர் 3 அன்று எத்தல் பேரிமோர் அரங்கில் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்’. நெறியாளர் எலியா கசான். ஜெசிக்கா டேண்டியும் மார்லன் பிராண்டோவும் நடித்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரில் இரண்டே அறைகள் கொண்ட ஒரு நெருக்கமான வீடு. அக்கா பிளான்ஷ் அங்கே விருந்தாளியாக வந்து மாட்டிக்கொள்கிறாள். பத்தாவது காட்சியில், தங்கையின் கணவனிடம் அவள் தனியாகச் சிக்கும் நேரத்தில், வீட்டின் பின்சுவர் கரைந்து வெளியே தெருவில் நடக்கும் அடிதடியும் திருட்டும் தெரிகின்றன. வெளியே இருக்கும் வன்முறையும் உள்ளே நடக்கப்போவதும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. வெறும் பல்ப் வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் காகிதக் கூண்டு வாங்கி மாட்டும் பெண் பிளான்ஷ். அவளுடைய கதையில் சுவரே ஒளியால் ஆனதாக இருப்பது எவ்வளவு பொருத்தம்!

லோமன் குடும்பத்தின் வீடு

இப்போது 1948க்குத் திரும்பலாம். மில்லர் மனதில் இருந்தது மிக எளிமையான மேடை. மூன்று வெறும் தளங்கள், சமையலறைக்கும் இரண்டு படுக்கையறைகளுக்கும் வேண்டிய அளவு சாமான்கள், அவ்வளவே. ஹோட்டல் அறையும் அலுவலகமும் காலியிடத்திலேயே நடந்துவிடும் என்று எண்ணியிருந்தார். நெறியாளர் இம்முறையும் கசான்.

மெல்சீனரைத் துன்புறுத்திய கேள்வி காட்சி மாற்றம். பிரதியில் காட்சிகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் விளக்கை அணைத்து, ஆட்கள் வந்து சாமான்களை நகர்த்தினால், வில்லியின் மனத்தில் இடைவெளியின்றி ஓடும் நினைவுகள் மேடையில் துண்டுதுண்டாகிவிடும். அப்போது அவருக்குத் தோன்றிய எண்ணம் இதுதான்: வில்லியின் வீட்டை மேடையின் நடுவே நிரந்தரமாக நிறுத்திவிடுவோம். அலுவலகம், உணவகம், ஹோட்டல், கல்லறை எல்லாம் அந்த வீட்டுக்கு முன்னால் உள்ள திறந்த இடத்தில் நடக்கட்டும். வில்லி எங்கே போனாலும் பின்னால் அந்த வீடு நின்றுகொண்டே இருக்கும். தவணை கட்டிக் கட்டி அவர் சொந்தமாக்க முயலும் வீடு அது. ஒரு நடைமுறைச் சிக்கலைத் தீர்க்கப் போனவர் நாடகத்தின் மையப் படிமத்தையே கண்டுபிடித்துவிட்டார்.

கசானும் மில்லரும் இதை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கேற்பப் பிரதியில் மாற்றங்கள் வந்தன. இன்று அச்சில் கிடைக்கும் நாடகத்தின் முதல் பக்கத்தில் வரும் மேடைக்குறிப்பு பெருமளவுக்கு மெல்சீனர் அமைத்த மேடையின் வருணனைதான். இதை அறியாமல் படிப்பவர்கள் அனைத்தும் நாடக ஆசிரியரின் கற்பனை என்றே எண்ணுவார்கள். எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். வடிவமைப்பாளரின் சிந்தனை இலக்கியமாகி நிற்கும்போது அவருடைய பெயர் காணாமல் போய்விடுகிறது.

வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நடுவில் சமையலறை: ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஒரு குளிர்சாதனப் பெட்டி. அதற்கு வலப்புறம், 2 அடி உயர்ந்த தளத்தில் வில்லியும் மனைவி லிண்டாவும் படுக்கும் அறை. பித்தளைக் கட்டில், ஒரு நாற்காலி, கட்டிலுக்கு மேலே பலகையில் மகன் விளையாட்டில் வென்ற வெள்ளிக் கோப்பை. சமையலறைக்குப் பின்னால், ஆறரை அடி உயரத்தில் மகன்களின் அறை. கூரை என்பது ஆகாயத்தில் வரைந்த கோடு மட்டும். வீடு முழுவதுமோ சில இடங்களில் பாதியோ ஊடுருவித் தெரியும். கூரைக்கோட்டுக்கு மேலும் கீழும் நெருக்கியடித்து நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள். அவற்றின்மேல் கோபம் கொண்டது போன்ற ஆரஞ்சு ஒளி.

மூன்று நாற்காலிகள், நான்கு பேர் உள்ள குடும்பம். இது தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனாலும் என் கண் அங்கே நின்றுவிடுகிறது.

இனி காலத்தை எப்படி மாற்றினார் என்று பார்ப்போம். அவர் மூன்று வழிகளை ஒன்றாகப் பின்னினார். ஒளி முதலாவது. பழைய நாட்களில் அந்த வீட்டைச் சுற்றி மரங்கள் இருந்தன, கட்டடங்கள் இல்லை. நினைவுக் காட்சி தொடங்கும்போது கட்டடங்கள் மங்கி, படவீழ்த்திகளின் மூலம் இலைகளின் உருவம் வீடு முழுவதும் பரவும். ஒரு திரையும் நகராமல், லோமன் வீடு இருக்கும் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியின் இறுக்கமான சந்து, பல ஆண்டுகளுக்கு முந்தைய பசுமையான தோட்டமாகிவிடும். பார்வையாளருக்கு யாரும் ‘இது கடந்த காலம்’ என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது சுவர் பற்றிய ஒரு விதி. மேடையில் சுவர்களே இல்லை. தரையில் சுவர் இருக்க வேண்டிய கோடுகள் மட்டுமே உண்டு. நிகழ்காலக் காட்சிகளில் நடிகர்கள் அந்தக் கோடுகளை மதித்து, கதவு இருக்கும் இடத்தின் வழியாகவே வீட்டுக்குள் போய் வருவார்கள். கடந்தகாலக் காட்சிகளில் அந்தக் கோட்டைத் தாண்டிச் சுவருக்குள் புகுந்து முன்மேடைக்கு வந்துவிடுவார்கள். சில நிமிடங்களிலேயே பார்வையாளர் இந்த விதியைத் தம்மை அறியாமல் கற்றுக்கொள்கிறார். அதன்பின் ஒரு நடிகர் சுவர்க்கோட்டின்மேல் கால் வைத்தாலே காலம் மாறிவிட்டது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு ரூபாய் செலவில்லாத உத்தி இது. கல்லூரி நாடகக் குழுக்கள்கூட நாளைக்கே பயன்படுத்தலாம்.

மூன்றாவது, இயந்திரம். மகன்கள் இருவரும் மாடியறையில் படுக்கையில் விழுவதைப் பார்வையாளர் பார்க்கிறார். சற்று நேரத்தில் அதே இருவரும் பள்ளிப் பையன்களாகக் கீழே முற்றத்தில் தோன்ற வேண்டும். மேலே இருப்பது திறந்த அறை; எழுந்து நடந்தால் தெரிந்துவிடும். அதற்காகக் கட்டில்களுக்குள்ளேயே மின்தூக்கி வைத்தார் மெல்சீனர். நடிகர்கள் படுத்தபடியே யாருக்கும் தெரியாமல் கீழே இறங்கிவிடுவார்கள். நடிகரின் பாதையை முதலில் யோசிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டாம். பார்வையாளர் கண்ணுக்கே தெரியாத ஒரு பொருள், அந்த வடிவமைப்பின் மிக முக்கியமான பொருள்களில் ஒன்றாக இருக்கிறது.

பாஸ்டன் ஹோட்டல் பெண்ணும் ஸ்க்ரிமுக்குப் பின்னால்தான் வருகிறாள். மனைவியுடன் வில்லி பேசிக்கொண்டிருக்கும்போதே இருட்டிலிருந்து இன்னொரு பெண்ணின் சிரிப்பு கேட்கிறது. வீட்டின் இடப்புறத்தில் துணிக்குப் பின்னால் அவள் உடுத்திக்கொண்டிருப்பது மங்கலாகத் தெரிகிறது. வில்லியின் குற்ற உணர்வு வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது என்பதை இடத்தை வைத்தே சொன்னதாகிவிட்டது.

1949 பிப்ரவரி 10 அன்று மொராஸ்கோ அரங்கில் நாடகம் தொடங்கியது. லீ ஜே. காப் வில்லியாக நடித்தார். 742 முறை நிகழ்ந்தது.

கையால் இழுத்த ஒளி

அந்தக் காலத்தில் இந்த ஒளி மாற்றங்களையெல்லாம் கணினி செய்யவில்லை. பிராட்வே அரங்குகளில் விளக்குகளின் அளவைக் கட்டுப்படுத்தியவை பெரிய பெட்டிகளில் அடங்கிய மின்தடைக் கருவிகள். ஒவ்வொரு கைப்பிடியையும் மின்பணியாளர்கள் கையால் இழுத்தும் தள்ளியும் ஒளியைக் கூட்டிக் குறைத்தார்கள். வில்லியின் வீட்டில் இலைகள் படர்வதும் கட்டடங்கள் மங்குவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டுமென்றால், மேடையின் ஓரத்தில் சில மனிதர்களின் கைகள் ஒரே தாளத்தில் அசைய வேண்டும். ஒவ்வொரு நாள் இரவும்.

விளக்குகளும் அப்போதுதான் வளர்ந்திருந்தன. 1933இல் ‘செஞ்சுரி லைட்டிங்’ நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் லெவியும் எட்வர்ட் குக்கும் உருவாக்கிய ‘லீகோ’ என்னும் விளக்கு, ஒளிக்கற்றையைக் கத்தி கொண்டு நறுக்கியதுபோல் வேண்டிய வடிவத்தில் வெட்ட உதவியது. ஒரு நாற்காலிக்கு மட்டும் ஒளி கொடுத்து, பக்கத்தில் உள்ள கட்டிலை இருளில் விட இதனால் முடிந்தது. சுவர் இல்லாத வீட்டில் ஒளிதான் சுவர் என்பதால், இத்தகைய விளக்கு இல்லாமல் லோமன் வீடு சாத்தியமே இல்லை. குக் மெல்சீனரின் நெருங்கிய கூட்டாளி. மெல்சீனர் தம் நாடகங்கள் பலவற்றுக்கு ஒளியமைப்பையும் தாமே செய்தார். மேடை அமைப்பும் ஒளியமைப்பும் வெவ்வேறு ஆட்களிடம் இருப்பது இன்றைய வழக்கம். ஒருவரே இரண்டையும் கையில் வைத்திருந்தது அவருக்குக் கிடைத்த பெரிய பலம். ஸ்க்ரிம் வரைகிறவருக்கே அதன்மேல் எந்தக் கோணத்தில் ஒளி விழும் என்பதும் தெரிந்திருக்கிறது அல்லவா?

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவ விமானப்படையில் உருமறைப்பு வேலையில் இருந்தவர் அவர். அங்கே கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது வேலை. மேடையில் மறைத்ததை உரிய நேரத்தில் காட்டுவது வேலை.

பொதுவாக இந்தத் தொழிலில் ஒரு நாடகம் எப்படி உருவாகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதியைப் படித்து, பென்சிலால் சிறு சிறு ஓவியங்கள் போட்டு, நெறியாளரோடு பேசி, மேலிருந்து பார்த்த தரைப்படம் வரைவார்கள். பிறகு அட்டையில் சிறு மாதிரி செய்வார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கு. அந்த மாதிரியில் நடிகர்களுக்குப் பதிலாகச் சிறு உருவங்களை நகர்த்திப் பார்ப்பார்கள். அதன்பின் தச்சர்களுக்கும் வண்ணம் பூசுபவர்களுக்கும் வேண்டிய வரைபடங்கள். கடைசியாக, மேடையில் எல்லாம் பொருத்தப்பட்ட பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பி நிறுத்தும் நீண்ட இரவுகள்.

சோகக் கதைகளுக்கு மட்டும் உரியவர் அவர் என்று நினைத்துவிட வேண்டாம். ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ தொடங்கி இரண்டே மாதங்களுக்குள், 1949 ஏப்ரல் 7 அன்று ‘சவுத் பசிபிக்’ என்ற இசை நாடகம் தொடங்கியது. அதற்கும் அவரே வடிவமைப்பாளர். ஒரு காட்சியின் கடைசி வரி முடியும் முன்பே அடுத்த காட்சியின் மனிதர்கள் மேடைக்கு வந்துவிட, ஒன்று மற்றொன்றாகக் கரைந்து ஓடும் முறை அங்கேயும் தொடர்ந்தது. கண்ணீர் நாடகத்துக்குக் கண்டுபிடித்த வழி பாட்டு நாடகத்துக்கும் பொருந்தியது. ‘கைஸ் அண்ட் டால்ஸ்’, ‘தி கிங் அண்ட் ஐ’, ‘ஜிப்ஸி’ ஆகியவையும் அவருடையவையே. 1955இல் கசானுடன் சேர்ந்து ‘கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்’ செய்தபோது, சரிவான ஒரு தளத்தின் முனையைப் பார்வையாளர்களை நோக்கி நீட்டி, நடிகர்கள் நேராக முன்வந்து பேசும்படி செய்தார். பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனி விருதுகள் பல முறை அவரைத் தேடி வந்தன. ‘பிக்னிக்’ திரைப்படத்தின் கலை இயக்கத்துக்காக ஆஸ்கரும் கிடைத்தது. கட்டடக் கலைஞர் ஈரோ சாரினனுடன் இணைந்து வடிவமைத்த விவியன் பூமான்ட் அரங்கம் 1965இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் திறக்கப்பட்டது. அதைப் பற்றிப் புகழும் உண்டு, குறையும் உண்டு. என் பார்வையில் அவருடைய மேதைமை இருந்தது அரங்கக் கட்டடங்களில் அல்ல, துணியிலும் ஒளியிலும்தான்.

அவரைப் பின்பற்றியவர்கள் ஏராளம். எலும்புக்கூடு போன்ற வீடும் கரையும் சுவரும் பிற்காலத்தில் நாடகத்துக்கு நாடகம் வந்து சலிப்பூட்டியதும் உண்மை. நினைவுக்கும் குற்ற உணர்வுக்கும் இடமே இல்லாத கதைக்குக்கூட மங்கலான துணியைத் தொங்கவிட்டால் அது வெறும் அலங்காரம். லோமன் வீடு ஊடுருவித் தெரிவதற்கு வில்லியின் மனநிலை காரணமாக இருந்தது; அந்தக் காரணத்தைத்தான் வடிவமைப்பாளர் பிரதிக்குள் தேட வேண்டும்.

அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியை ஒருமுறை படித்துப் பாருங்கள். வில்லி இறந்துவிட்டார். லிண்டாவும் மகன்களும் அண்டைவீட்டார் இருவரும் கறுப்பு உடையில் சமையலறைச் சுவர்க்கோட்டைத் தாண்டி முன்மேடைக்கு வருகிறார்கள். அதுவரை நினைவுகளுக்கு மட்டுமே உரிமையாக இருந்த கோடு அது. இப்போது உயிரோடு இருப்பவர்களே அதைத் தாண்டுகிறார்கள். முன்மேடையின் விளிம்பில் லிண்டா பூக்களை வைத்து மண்டியிடுகிறாள். கல்லறை என்று எதுவும் கட்டத் தேவையில்லை. எல்லோரும் போன பிறகு குழலிசை மட்டும் கேட்க, வீட்டுக்கு மேலே அடுக்குமாடிக் கட்டடங்கள் கூர்மையாகத் துலங்குகின்றன; திரை விழுகிறது.

மெல்சீனர் 1976 மார்ச் 15 அன்று நியூயார்க்கில் காலமானார். 2012இல் நெறியாளர் மைக் நிக்கோல்ஸ், ஃபிலிப் சீமோர் ஹாஃப்மனை வில்லியாக நடிக்கவைத்து ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தைப் பிராட்வேயில் மீண்டும் மேடையேற்றினார். புதிதாக ஒரு வீடு வடிவமைக்க எத்தனையோ திறமைசாலிகள் இருந்தும், 1949இல் மெல்சீனர் அமைத்த அதே வீட்டை மறுபடி கட்டச் சொன்னார். அது எழுந்த இடம், ஒரு காலத்தில் பிளான்ஷின் வீட்டுச் சுவர் கரைந்த அதே எத்தல் பேரிமோர் அரங்கம். அந்த ஆண்டின் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருதை அந்த நாடகம் பெற்றது.